உப்புத் தண்ணீரைக் கொட்டாதவர்கள்

நாகூர் தர்காவுக்கு அடுத்த தெருக்களில், வீட்டோடு இருந்து நாரத்தங்காய் ஊறப்போட்டு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். எலுமிச்சை, நாரத்தைத் தோலிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் எடுப்பதைப் பற்றி எழுத நினைத்தபோது, ஆய்வகத்துக்குப் போகும் முன் இவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டபடியே, இந்தத் தொழிலை வீட்டில் நடத்தும் லாத்தா (அக்கா) மாடிக்கு அழைத்துப் போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவர் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார்கள். காயைக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, அறுந்துவிடாதபடி சுற்றிச் சுற்றி அரிகிறார்கள். காய் நீண்ட சுருளாகத் தொங்குகிறது. மடிப்புகளுக்குள் வேதாரண்யத்துக் கல்லுப்பை அடைத்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டுகிறார்கள். தினமும் ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். காய் தண்ணீர் விட்டதும் பகலில் வெயில், சாயங்காலம் மறுபடியும் அதே தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்க வற்றிக் காய்க்குள் ஏறும் வரை இதே வேலைதான்.

கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடாதா என்று கேட்டேன். லாத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கொட்டவே கூடாது தம்பி. காயோட சத்தெல்லாம் அதுலதான் எறங்கியிருக்கு. எங்க உம்மா ஒரு சொட்டு கீழே விட மாட்டாங்க." நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடிய காலத்தில், கடல் கடந்து பிழைக்கப் போகும் சபுராளிகளின் பெட்டியோடு இந்த ஜாடியும் ஏறும் என்றார்.

அவர் சொன்னதை வேதியியலும் ஒப்புக்கொள்கிறது. தோலின் மேல்பரப்பில் இருப்பவை எண்ணெய்ப் பைகள். நகம் பட்டதும் மணப்பது லிமோனீன். அதற்கடியில் நாம் கசப்பென்று ஒதுக்கும் வெள்ளைச் சதையில் பெக்டினும் ஹெஸ்பெரிடின் போன்ற ஃபிளேவனாய்டு ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளும் இருக்கின்றன. ஹெஸ்பெரிடினை 1828இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் லெப்ரெத்தோன் ஆரஞ்சுத் தோலின் இந்த வெள்ளைப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்தார். வெயிலிலும் காற்றிலும் வைட்டமின் சி பெருமளவு அழிந்துபோகும். ஃபிளேவனாய்டுகள் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. உப்பு காயிலிருந்து நீரை இழுக்கும்போது கரையக்கூடிய பொருள்கள் கூடவே வெளியேறுகின்றன. வடித்துவிட்டால் அவை போய்விடும். இந்தப் பெண்கள் அதே நீரைத் திரும்பக் காய்க்கே ஊட்டுகிறார்கள்.

ஆய்வகத்தில் வேலை நேர்மாறாக நடக்கிறது. அங்கே சத்து வெளியே வர வேண்டும். காய்ந்த தோலைப் பொடித்து, எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசலில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். தனி எத்தனாலைவிட நீர் கலந்ததே பெரும்பாலும் அதிகம் இழுக்கும். பிறகு, சூட்டில் கெடாமல் இருக்க, அழுத்தத்தைக் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்குகிறார்கள். மிஞ்சிய சாற்றை ஊதா நிற டிபிபிஎச் கரைசலில் விட்டால் அது மஞ்சளாக வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல். ஹெஸ்பெரிடினை மட்டும் தனியாக எடுக்கச் சுண்ணாம்பு போதும். காரத்தில் கரையும், அமிலம் சேர்த்தால் படிகமாக இறங்கும். டயோஸ்மின் 450 மி.கி., ஹெஸ்பெரிடின் 50 மி.கி. சேர்ந்த மாத்திரையை மூலத்துக்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். ஆனால் குடுவையில் நிறம் மாறுவதை வைத்து ஊறுகாய் நோய் தீர்க்கும் என்று சொல்லிவிட முடியாது. இதில் உப்பும் மிக அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடுதான் தொட்டுக்கொள்ள வேண்டும்.

மாடியில் என்னை வருத்தியது அவர்கள் விரல்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து நுனிகள் வெடித்திருந்தன. கையுறை போட்டால் காய் வழுக்குகிறது, சுருள் அறுந்துவிடுகிறது என்கிறார்கள். கூலியோ கிலோக் கணக்கு. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது; ஜாடியில் பூசணம் பூத்தால் நட்டம் லாத்தாவுக்கு. தோலை எவ்வளவு ஈரத்தில் எடுக்க வேண்டும், எப்போது நிழலுக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தொட்டாலே தெரிகிறது. சாறெடுப்பில் பாதி வேலை உலர்த்துவதுதான். அந்த அறிவுக்கு இப்போது கிடைக்கும் விலை மிகக் குறைவு.

கீழே தர்கா வாசலில் சர்பத் கடைகளின் வாளிகள் பிழிந்த எலுமிச்சை மூடிகளால் நிரம்பியிருந்தன. தர்காவின் கந்தூரி விழா நாட்களில் இது பல மடங்காகும். எல்லாம் குப்பைக்குத்தான் போகிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக இருந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சாவூரில் இருக்கிறது. நாகூரிலிருந்து பேருந்தில் ஒரே நாளில் போய்வரலாம். அதன் உதவியோடு மழையிலும் உலர்த்தும் ஒரு சிறு உலர்த்தியும், பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிக்க ஒரு வழியும் கிடைத்தால் இந்தப் பெண்கள் அந்த மூடிகளிலிருந்து தோல்பொடி தயாரித்து விற்க முடியும். மாவட்ட மகளிர் குழுத் திட்டங்களை நடத்துபவர்கள் இதைச் செய்துதர வேண்டும். அதுவரை சர்பத் கடைக்காரர்கள் மூடிகளை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனி வாளியில் போட்டு வையுங்கள்.