போடி லைன்

மதுரை பழங்காநத்தத்தில் குடியிருப்பவனுக்கு ரயில் சத்தம் கடிகாரம் மாதிரி. திருப்பரங்குன்றம், விருதுநகர் வழியாகத் தெற்கே போகும் மெயின் லைன் எங்கள் பகுதியை ஒட்டித்தான் ஓடுகிறது. எத்தனையோ எக்ஸ்பிரஸ் வண்டிகள். இருந்தாலும் எந்த ரயில் பாதை பிடிக்கும் என்று யாராவது கேட்டால், அதே மதுரை ஜங்ஷனில் கிளம்பி மேற்கே பிரிந்து போகும் போடி லைனைத்தான் சொல்வேன். மொத்தமே 90 கிலோமீட்டர். எந்தப் புகழ்பெற்ற வண்டியும் அதில் ஓடியதில்லை. ஆனால் ஓர் என்ஜின் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாதை எங்கள் பக்கத்தில் கிடையாது.

மீட்டர் கேஜ் காலத்தில் மதுரை பக்கம் நீராவிக்கு இரண்டு பெயர்கள்: ஒய்.பி., ஒய்.ஜி. பயணிகள் வண்டிக்கு ஒய்.பி.; ஆறு இயக்கு சக்கரங்கள், ஒவ்வொன்றும் 1,372 மில்லிமீட்டர் விட்டம். சரக்குக்கு ஒய்.ஜி.; சக்கரம் சிறியது, ஆனால் எட்டு. பெரிய சக்கரம் ஓட்டத்துக்கு, சிறிய சக்கரம் இழுவைக்கு. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், நீராவி என்ஜினைப் பார்த்ததுமே அதன் வேலையைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் வந்தது ஒய்.டி.எம்.-4. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. முதலில் இறக்குமதியாகி, பிறகு வாரணாசியில் தயாரானது. 72 டன் எடை, ஆறு அச்சுகள், ஆறு சிலிண்டர், 1,400 குதிரைத்திறன். அகலப் பாதையில் ஓடிய அதன் அண்ணன் டபிள்யூ.டி.எம்.-2-க்குப் பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். தம்பிக்குப் பாதிதான் பலம். அதனாலேயே அவன் படும் பாடு வெளியே கேட்கும்.

மதுரையிலிருந்து வடபழஞ்சி வரை அந்தப் பாடு தெரியாது. நாகமலையைப் பார்த்தபடி சமவெளியில் போகும் வண்டி, உசிலம்பட்டி வரையிலான 37 கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் கடந்துவிடும். மானாவாரி நிலம், கருவேலங்காடு, நடுநடுவே தென்னந்தோப்பு. என்ஜின் சோம்பலாக உறுமிக்கொண்டிருக்கும்.

உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே 21 கிலோமீட்டர். மலை குறுக்கே வருவது இங்கேதான். சாலை, ரயில் இரண்டுக்கும் ஒரே வாசல், கணவாய். ஏற்றம் தொடங்கியதும் டிரைவர் கைப்பிடியை ஒவ்வொரு நாட்ச்சாக மேலே கொண்டுபோவார். எட்டாவது நாட்ச்தான் உச்சம். ஆல்கோ என்ஜினின் குணம் இந்த இடத்தில் வெளிப்படும்: டீசல் உடனே உள்ளே பாய்ந்துவிடும், ஆனால் அதை எரிக்கத் தேவையான காற்றைத் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் முழுதாக எரியாத டீசல் கரும்புகையாகக் குபுக்கென்று மேலே போகும். பிறகு டர்போவின் கீச்சொலி ஏற ஏறப் புகை வெளுக்கும், சத்தம் சீராகும். ரசிகர்கள் கொண்டாடும் ஆல்கோ புகை என்பது உண்மையில் ஒரு குறைபாடுதான். ஆனால் அந்தக் குறைபாட்டில் என்ஜினின் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

கணவாய் தாண்டினால் ஆண்டிபட்டி. அங்கிருந்து 17 கிலோமீட்டரில் தேனி. ஊருக்குள் ரயில்வே கேட் மூடினால் மதுரை சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் ஊர் அது. தேனி தாண்டிய கடைசி 15 கிலோமீட்டரில் மேற்குத் தொடர்ச்சி மலை நேருக்கு நேர் எழுந்து நிற்கும். போடிநாயக்கனூரில் தண்டவாளம் முடிகிறது.

மலையடிவாரம் வரைக்கும் ஏன் ரயில் போட்டார்கள் என்பதற்கான பதில் மலைமேல் இருக்கிறது. மூணாறு தேயிலையை அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, ரோப்வே வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்பினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொரு பெரிய சக்கரம் சாலையில், இழுக்க மாடுகள். 1908-இல் அது இரண்டடி அகலக் குட்டி ரயிலாக மாறியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடியோடு அழித்துவிட்டது. போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மேலே இருந்த ரயிலும் கீழே வந்த ரயிலும் நான்கே வருட இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிட்டன.

கீழே வந்ததற்கும் நிம்மதி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். 2010 முடிவோடு மீட்டர் கேஜ் நின்றது. அகலப்பாதை வேலை இழுத்தடித்தது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் ரயில் திரும்பியது. அன்றே சென்னை சென்ட்ரலுக்கு நேரடி எக்ஸ்பிரஸும் கிடைத்தது. ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பஸ்ஸையும் லாரியையும் நம்பி இருந்தது.

அகலப்பாதையில் கணவாய் சுலபமாகிவிட்டது. பாறையை அகலமாக வெட்டிவிட்டார்கள். வண்டியை இழுப்பவையும் பெரிய என்ஜின்கள். பழைய சத்தம் போய்விட்டதே என்று என்னைப் போன்ற ரயில் பைத்தியங்கள் புலம்பலாம். ஆனால் மீட்டர் கேஜாகவே விட்டிருந்தால், சுற்றிலும் எல்லாம் அகலமான பிறகு, இந்த லைன் தனித்தீவாகி ஒரு நாள் சத்தமில்லாமல் மூடப்பட்டிருக்கும். என்ஜின் மாறியதால்தான் பாதை பிழைத்தது.

எனக்கு இன்றைக்கும் பிடித்தது ஒய்.டி.எம்.-4தான். ஆனால் போடியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வருபவர்களுக்குத் தேவை, மூச்சு வாங்காமல் கணவாய் ஏறும் என்ஜினும், நாளுக்கு இன்னும் சில வண்டிகளும். ரசிகனும் பயணியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தால், ஜன்னலோரம் ரசிகனுக்கு, டைம்டேபிள் பயணிக்கு. அதுதான் நியாயம்.