பாகவதரின் மௌன விரதம்

சென்னை,
மார்கழி 5

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டிக்கொள். என் கதையைக் கேட்டபிறகு நீயே ‘அடிப்பாவமே’ என்பாய்.

ஆவணியில் ஒரு கேனரிக் குருவி வாங்கினேன் என்று போனில் சொன்னேனே, இந்த வீட்டில் இப்போது நடக்கும் பெரிய வழக்கே அதுதான். கடைக்குள் கால் வைத்தபோது காது நிறைய ஒரு பாட்டு. மயங்கிப்போய் 2,500 ரூபாயை எண்ணிக் கொடுத்து, மஞ்சள் பட்டுப் போலிருந்த ஒன்றைக் கூண்டோடு தூக்கிவந்தேன். இவர் அதற்குப் ‘பாகவதர்’ என்று பேர் வைத்தார். அன்றிலிருந்து பாகவதர் மௌன விரதம். எப்போதாவது ‘ட்வீ’ என்று ஒற்றைச் சத்தம், அதோடு சரி.

“ஊமையை உன் தலையில கட்டிட்டான்” என்றார் என் மாமியார். மாடி வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போடச் சொன்னாள். நான் போனில் கேனரிப் பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, நாள் முழுக்கக் கூண்டுக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். அது இன்னும் ஒடுங்கிப்போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் கழித்து இறகு வேறு கொட்ட ஆரம்பித்தது. பயந்துபோய் வேப்பேரிப் பக்கம் ஒரு டாக்டரிடம் ஓடினேன்.

அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியிலேயே என் மானம் போயிற்று. “கடையில் பாடினது இதுதானா?” அங்கே பன்னிரண்டு கூண்டு இருந்ததடி! எது பாடிற்று என்று யார் பார்த்தது? கேனரியில் வாய்விட்டுப் பாடுவது ஆண்தானாம். பெண் பெரும்பாலும் கீச்சிடுவதோடு நிறுத்திக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம். வாங்குகிறவர்கள், அந்தப் பறவையின் தொண்டை புடைத்து ஆடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். “அப்போ இது ஆணா, பெண்ணா?” என்றேன். இனப்பெருக்கக் காலமாயிருந்தால் வயிற்றுக்கு அடியில் இறகை ஊதிப் பார்த்தே சொல்லிவிடலாம், இப்போது முடியாது, வேண்டுமானால் இறகைக் கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம் என்றார். “ஜாதகமும் கணிச்சுடலாமே” என்றார் இவர், அங்கேயே!

மூச்சுக்குழாயில் சின்ன உண்ணி புகுந்தாலும் கேனரிக்குக் குரல் போய்விடுமாம். அப்போது வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கும், ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். டாக்டர் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இல்லை என்றார். விஷயம் வேறு. வருஷத்துக்கு ஒருமுறை, கோடை முடிந்தபிறகு, பழைய இறகை உதிர்த்துப் புதுசு முளைக்கவிடுகிற காலம் அதற்கு. ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ பிடிக்கும். உடம்பின் சத்தெல்லாம் இறகுக்கே போவதால், ஊரை மயக்கின ஆண்கூட அப்போது வாயைத் திறக்காது. நான் போய் வாங்கியது சரியாக அந்தச் சமயத்தில். போதாததற்குப் புது வீடு, புது முகங்கள், கிரில்லில் வந்து எட்டிப்பார்க்கும் காக்கை. சும்மா இருந்தாலே பழகுவதற்குச் சில வாரமாகும். நான் வேறு, ஊர்பேர் தெரியாத ஒரு ரௌடி ஆணின் குரலைப் பக்கத்திலேயே அலறவிட்டு மிரட்டியிருக்கிறேன்!

மருந்தே எழுதவில்லை. வேகவைத்த முட்டையை நசுக்கிக் கொடு என்றார். இறகு முளைக்கப் புரதம் வேண்டுமாம். நம் சைவ அடுக்களையில் முட்டை வெந்த அன்று என் மாமியார் முகம் எப்படியிருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அடுத்து, கூண்டை அடுக்களைப் பக்கமே வைக்காதே என்றார். நான்ஸ்டிக் வாணலி அதிகமாகக் காய்ந்தால் வருகிற புகையே பறவையைக் கொன்றுவிடுமாம்.

மூன்றாவதுதான் வெடிகுண்டு. பொழுது சாய்ந்தால் அதற்கு இருட்டு வேண்டும். எப்போது இறகு உதிர்ப்பது, எப்போது பாடுவது என்று பகலின் நீளத்தை வைத்துத்தான் கேனரி கணக்குப் போடுகிறதாம். அதன் பூர்வீகமான கேனரித் தீவுகளில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். (நாயை வைத்துத் தீவுக்குப் பேர், தீவை வைத்துப் பறவைக்குப் பேர், தெரியுமோ?) நம் சென்னையிலோ அது ஒன்றரை மணி நேரம்தான். அந்தக் கொஞ்சத்தையும் ஹாலில் பதினோரு மணி வரை எரிகிற டியூப்லைட் குழப்பிவிடும். டியூப்லைட் ஏன் எரிகிறது? மாமியாரின் சீரியல்! “ஒரு குருவிக்காக நான் டிவியை நிறுத்தணுமா?” என்று இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. கடைசியில் கூண்டு எங்கள் அறையின் கிழக்கு ஜன்னலுக்குக் குடிபோயிற்று. ஏழு மணிக்குத் துணி போர்த்தியதும் பாகவதருக்கு ராத்திரி.

மாடி வீட்டு அக்கா விடுவாளா? “தனியா ஏங்குது, ஜோடி வாங்கிப் போடு” என்றாள். வாங்கியே இருப்பேன். டாக்டர்தான் தடுத்தார். ஆண் பாடுவது பெண்ணைக் கூப்பிடவும், இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லவும். பெண் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் பாதிப் பாட்டு நின்றுபோகும். எனக்கு உடனே உன் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. காலேஜ் விழாவில் மைக்கைப் பிடித்தால் விடாத மனுஷர், தாலி கட்டின மறுவாரமே வாயை மூடினவர்தானே!

அமெரிக்காவிலிருந்து என் மகன் ஒரு தகவல் அனுப்பினான். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நாட்டபோம் என்ற விஞ்ஞானி 1981இல் கண்டு எழுதியது. ஆண் கேனரியின் மூளையில் பாட்டை நடத்துகிற பகுதிகளில் ஒன்று, இறகு உதிர்த்து முடிந்த இலையுதிர் காலத்தில் இருப்பதைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருத்திருக்குமாம். பாடும் இடமே மண்டைக்குள் சுருங்கிக் கிடக்கும்போது, பாடு பாடு என்று நான் கூண்டைத் தட்டியிருக்கிறேன் பார். அதோடு வருஷா வருஷம் சில பழைய சங்கதிகளை விட்டுவிட்டுப் புதுசு சேர்த்துக்கொள்ளுமாம். போன சீஸனில் பாடியதையே இந்த சீஸனிலும் பாடுகிற நம் வித்வான்களிடம் யாராவது இதைச் சொன்னால் தேவலை.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. மாடியில் அக்கா பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது. நான் ஃப்ரிட்ஜ் என்று நினைத்தேன். மாமியார்தான் காலை மறு ஒளிபரப்பு சீரியலின் சத்தத்தைத் தானே குறைத்துவிட்டு, “ஏய், இங்க வா” என்று சைகை காட்டினார். இரண்டு பேரும் திருடிகள் மாதிரி அறை வாசலில் நின்று பார்த்தோம். அலகு மூடியபடிதான் இருந்தது, தொண்டை மட்டும் லேசாக ஆடிற்று. கால் நிமிஷம் இருக்கும். எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டேன். இறகு முடிந்தபின் ஆண் இப்படித்தான் முணுமுணுத்து ஆரம்பிக்கும், ஆனால் பெண்ணும் சில சமயம் முணுமுணுக்கும், பொறு என்றார். பாகவதரா பாகவதியா என்பது பங்குனிக்குள் தெரிந்துவிடும். முட்டை வந்தால் முதல் கடிதம் உனக்குத்தான். மாமியாரோ எதற்கும் காத்திருக்கவில்லை. ராத்திரி ஏழு மணிக்குத் துணியை அவரேதான் போர்த்தினார்.

உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டாதே. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார், போதும்.

உன்,
சரளா