சொந்தக் கெர்னல்: சில குறிப்புகள்

வேகம் கூடும் என்று நம்பி யாரும் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்ய வேண்டாம். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரிவது அபூர்வம். நம் கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது முழுதாகத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை, அதற்காகச் செய்யலாம்.

*

‘மேக் மெனுகான்ஃபிக்’ கொடுத்தால் மெனு விரியும். பெரும்பாலான வரிகளுக்கு மூன்று பதில்கள்: ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே சேரும், எம் என்றால் வேண்டும்போது ஏறும் மாட்யூல், என் என்றால் கிடையாது. புரியாத இடத்தில் ஹெல்ப்பைப் படிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் என்ன பதில் கொடுப்பது என்று பல இடங்களில் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு அக்கறை!

*

ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி முடியாது. ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ போதும். இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். அதனால் முதலில் பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாவற்றையும் செருகிவிட வேண்டும். செருகாதது பட்டியலில் வராது.

*

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ரூட் டிஸ்க்கில். என்விஎம்இ டிரைவரையும் எக்ஸ்ட்4-ஐயும் எம் என்று வைத்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்தால் கெர்னல் பேனிக்தான். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது, எப்படி எடுக்கும்? இரண்டுக்கும் ஒய் கொடுத்துவிட்டால் நிம்மதி. பழைய கெர்னலை கிரப் மெனுவிலிருந்து நீக்கவே கூடாது. புதியதற்கு ‘லோக்கல்வெர்ஷன்’ வரியில் தனிப் பெயர் வைத்தால் இரண்டின் மாட்யூல்களும் கலக்காது.

*

டீபக் தகவலை அணைத்துவிட்டால் பல ஜிபி இடம் மிஞ்சும். டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் ‘மேக் பின்டெப்-பிகேஜி’ கொடுக்கலாம். டெப் கோப்பாகவே கிடைக்கும், பிடிக்காவிட்டால் நீக்குவதும் சுலபம்.

*

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 கணினியில், அந்தச் சில்லுக்காகவே. 2013-இல் வந்த 3.8 பதிப்பில் 386 ஆதரவை எடுத்துவிட்டார்கள். முதல் பதிப்பில் சுமார் 10,000 வரிகள். இன்று 3 கோடிக்கு மேல். பிறந்த வீட்டையே விட்டுக் கொடுத்து வளர்ந்த நிரல் என்பதில் எனக்கு மரியாதை அதிகம்.

*

புதிய பதிப்பு வந்தால் பழைய கான்ஃபிக்கை நகலெடுத்து ‘ஓல்ட்கான்ஃபிக்’. புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் கேட்கும். என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் ஒவ்வொன்றின் ஹெல்ப்பையும் படிக்கிறேன். இந்தப் பதிப்பில் எந்த வன்பொருளுக்கு ஆதரவு வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

*

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத கெர்னல் பூட் ஆகாது. அதை அணைப்பதைவிட, சொந்தச் சாவி உருவாக்கி மாக்யூட்டில் மூலம் பதிந்து கையொப்பமிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.