டோரடோரஸ் தெருவில் ஒன்றுமில்லை

தேனிலவு என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. ஆங்கிலத்திலிருந்து உரித்து எடுத்து அப்படியே தமிழில் ஒட்டிய சொல். ஆனால் கல்யாணமான மூன்றாவது வாரம், 2024 ஜூனில், நானும் என் மனைவியும் லிஸ்பன் போனதை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது? லீவு விண்ணப்பத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். வெளிநாடு போக வங்கி தரும் தடையில்லாச் சான்றுக்காக நின்றபோது பக்கத்து கவுன்ட்டர்காரர் கேட்டார்: "போர்ச்சுகலா? கோவா போதாதா?"

கேள்வி நியாயமானதுதான். தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். வரவேற்பு வைப்பதில்லை, அந்தப் பணத்தில் எங்காவது போவது என்று நான் சொன்னதும் இரண்டு பக்கத்து உறவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. அப்படியும் பணம் போதவில்லை. என் மனைவி தன் வளையல்களில் நான்கைக் கழற்றிக் கொடுத்தாள். எங்கள் கிளையில் வைக்கக் கூச்சமாக இருந்ததால் வேறு ஒரு வங்கியில் வைத்தேன். அங்கே உரசிப் பார்த்த ஆசாரி என்னைத் தெரிந்தவர். ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

எங்காவது என்று சொன்னேனே தவிர, ஊர் எது என்பதை நான் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தேன். இந்தப் பக்கங்களை விடாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம், நான்கு வருஷங்களுக்கு முன் பெர்னாண்டோ பெஸோவா பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுதினேன். வியாபார நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். உயிரோடிருந்தபோது போர்த்துகீசியத்தில் ஒரே ஒரு கவிதைத் தொகுதிதான் வந்தது, 1934-ல். அடுத்த வருஷம் இறந்தார், 47 வயதில். பிறகு ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள். அதிலிருந்து திரட்டி 1982-ல் வெளிவந்ததுதான் 'அமைதியின்மையின் புத்தகம்'. அதை எழுதுவதாகச் சொல்லப்படும் பெர்னார்டோ சோரெஸ் டோரடோரஸ் தெருவில் ஒரு துணி வியாபார ஆபீசில் உதவிக் கணக்கர். பேரேட்டின் பத்திகளுக்கிடையே பிரபஞ்சத்தைப் பார்த்தவர். வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிடப் போதை தரும் சமாசாரம் கிடைக்காது. உலகத்தைத் துறந்து எழுத்தை எடுத்துக்கொண்ட மனம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். சில நண்பர்கள் பாராட்டினார்கள்.

லிஸ்பனில் பைஷா என்கிற கீழ்நகரம் ஒரு பேரேட்டுத் தாள் மாதிரியே இருக்கிறது. நேர்க்கோடுகள். 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள் காலையில் பூமி அதிர்ந்து, ஆற்றுவாயில் கடல் ஏறி, கோயில்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளாலும் அடுப்புகளாலும் பல நாள் எரிந்து பழைய நகரம் போய்விட்டது. பொம்பால் என்ற மந்திரியின் கீழ் பொறியாளர்கள் புதிதாகக் கோடு போட்டார்கள். தெருக்களுக்குத் தொழில்களின் பெயர்: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, சேணக்காரர் தெரு, துணிக்காரர் தெரு. டோரடோரஸ் என்றால் முலாம் பூசுகிறவர்கள். பொன் தெருவில் நடந்தபோது "என் வளையல் இங்கதான் வந்திருக்கும்" என்றாள் மனைவி. நான் சிரிக்கவில்லை. நான் அப்போது டோரடோரஸ் தெருவை எதிர்பார்த்து ஒருவிதமான பக்தி நிலையில் இருந்தேன்.

டோரடோரஸ் தெருவில் ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கடைகள் மேஜை நாற்காலிகளைத் தெருவில் இறக்கிப் போட்டிருக்கின்றன. படம் போட்ட மெனுப் பலகையைக் காட்டி ஒருவர் ஆங்கிலத்தில் கூப்பிடுகிறார். மேலே நாலு மாடி, ஒரே அளவு ஜன்னல்கள், சில இடங்களில் காயும் துணி. நான் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை நடந்தேன். வெயில். மூன்றாவது தடவை திரும்பியபோது அவள் நின்றுவிட்டாள்.

"எதைத் தேடுறீங்க?"

சொன்னேன். சோரெஸ், பேரேடு, நாலாவது மாடி அறை.

"அவரு நெசமா இருந்தவரா?"

"இல்லை. பெஸோவா உண்டாக்கின ஆள்."

"இல்லாத ஆளு இல்லாத ஆபீசுல வேலை பார்த்த தெருவுல, வெயில்ல, என்னைய மூணு தடவ நடக்க வைக்கீங்க."

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கற்பனைக்கும் யதார்த்தத்துக்குமான உறவு பற்றிப் பத்து நிமிஷம் பேசக்கூடிய பதில். அதைப் பேசவும் செய்தேன்.

பக்கத்துச் சேணக்காரர் தெருவில் ஒரு வங்கிக் கட்டிடத்துக்கு அடியில் ரோமானிய இடிபாடுகள் இருக்கின்றன. தொண்ணூறுகளில் அந்த வங்கி தன் கட்டிடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது கிடைத்தவை. வழிகாட்டியோடு கீழே கூட்டிப்போகிறார்கள், கட்டணமில்லை. வங்கி என்பதால் நான்தான் பதிந்துவைத்திருந்தேன், வேடிக்கைக்காக. உள்ளே போனபிறகு அது அவளுடைய இடமாகிவிட்டது.

என் மனைவி சிவில் டிப்ளமோ படித்தவள், பொதுப்பணித் துறையில் வரைவாளர். கீழே தரையில் சதுரமாகத் தொட்டிகள். ரோமானியர்கள் மீனை உப்பிலிட்டு ஊறவைத்த தொட்டிகள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். என் மனைவி என் காதில், "கருவாட்டுத் தொட்டி" என்றாள். தூத்துக்குடிக்காரிக்கு வேறென்ன தோன்றும்? அதற்கும் கீழே, சேற்றில், கறுத்த மரக்கட்டைகள் நெருக்க நெருக்கமாக இறக்கப்பட்டிருக்கின்றன. 1755-க்குப் பிறகு கட்டிய நகரம் இந்தக் கட்டைகளின்மேல் நிற்கிறது. ஆற்றங்கரை வண்டல், ஊறும் நீர். அதில் பைன் மரத்தைக் குத்தி இறக்கி அதன்மேல் சுவர். மரம் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை அழுகாது, நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால்தான் ஆபத்து. இதை வழிகாட்டி சொல்வதற்கு முன்பே என் மனைவி சொன்னாள். மேலே சுவர்களுக்குள் பெருக்கல் குறி மாதிரி மரச்சட்டங்களைக் கோத்த ஒரு கூண்டு இருக்கிறது. பூமி ஆடினால் கல் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கும் என்ற கணக்கு. அந்தப் பெண் படம் போட்டுக் காட்டினாள். மூலையில் சட்டங்களை எப்படிப் பொருத்தினார்கள் என்று என் மனைவி கேட்க, அரைகுறை ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நான் ஒரு ஓரமாக நின்றேன். அந்தப் புத்தகத்தை மூன்று ஆங்கில மொழிபெயர்ப்புகளில் படித்தவன் நான். சோரெஸின் ஜன்னல் எதன்மேல் நிற்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சண்டை அன்றிரவு வந்தது. சண்டை என்றுகூட முழுதாகச் சொல்லமுடியாது. பெஸோவாவுக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டாள். நான் உற்சாகமாகச் சொன்னேன்: 1920-ல், அவருக்கு 31 வயது, ஆபீசுக்கு வேலைக்கு வந்த ஒஃபீலியாவுக்கு 19. ஒருநாள் ஆபீசில் விளக்கு போய்விட, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஹாம்லெட் தன் ஒஃபீலியாவிடம் சொல்வதையே இவளிடம் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் விலகிவிட்டார். 1929-ல் மறுபடி தொடங்கியது. நடுவில், தான் சிருஷ்டித்த ஆல்வரோ த காம்போஸ் என்ற கவிஞனின் பெயரில் அவளுக்குக் கடிதம் எழுதுவார். அவளுக்குக் காம்போஸைப் பிடிக்காது. கல்யாணம் என்றால் அவளைத்தான், ஆனால் தன் வாழ்க்கை தன் எழுத்தைச் சுற்றித்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்ற மாதிரி எழுதினார். பிறகு அதுவும் நின்றது.

"அந்தப் பிள்ள என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுரையை எழுத ஆறுமாதம் படித்தேன். ஓர்ஃபெயு பத்திரிகை 1915-ல் இரண்டு இதழ்கள் வந்து, மூன்றாவது அச்சுப்படியோடு நின்றதும் தெரியும். பணம் கொடுத்துக்கொண்டிருந்தது ஸா-கார்னெய்ரோவின் தகப்பனார் என்பதும் தெரியும். (மகனுடைய சகாக்களுக்காக அச்சகக் கணக்கைத் தீர்த்த தகப்பனார்கள் பற்றி நம் சிறுபத்திரிகை வரலாற்றிலும் யாராவது எழுதவேண்டும்.) ஒஃபீலியாவைப் பற்றி என் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம். அதிலும் பெயர் இல்லை. 'ஒரு தட்டச்சுப் பெண்' என்று எழுதியிருந்தேன். துறவு என்பதற்குச் சான்றாக.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அது முக்கியமில்லை" என்றேன்.

மறுநாள் காம்போ த ஓரீக்கே பகுதியில் பெஸோவா கடைசிப் பதினைந்து வருஷம் வாழ்ந்த வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் போனேன். கல்யாணமாகி மூன்று வாரத்தில், வளையலை வைத்து வந்த ஊரில், பெண்டாட்டியை ஹோட்டலில் விட்டுவிட்டு, 1993-லிருந்து நினைவில்லமாக இருக்கும் அந்த வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். அவருடைய சொந்தப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். சிறுவயதில் டர்பனில் படித்தவரல்லவா. நல்ல இடம். என்னால் அங்கே அரைமணிக்குமேல் இருக்க முடியவில்லை. வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஒஃபீலியா 1938-ல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, நாடகத் துறையைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எழுதிய கடிதங்கள் 1978-ல் புத்தகமாக வந்தபோது அவளும் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். 1991-ல் இறந்தாள். இவ்வளவும் ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது.

ஹோட்டலுக்குத் திரும்பினால் அறை பூட்டியிருந்தது. அவளிடம் போன் வேலை செய்யாது, ரோமிங் என்னுடையதில் மட்டும்தான். வரவேற்பில் இருந்தவர், சாவி அவளிடமே இருப்பதாகச் சொன்னார். 'ஷாவ்' என்றார் அவர்கள் மொழியில். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை, துவாலை. குடித்தனம் வைக்கத் தேவையான சொற்களில் பாதி இங்கிருந்து கப்பலில் வந்தவை என்று முதல் நாள் அவளுக்கு வகுப்பெடுத்திருந்தேன். இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம் முதல் மணி நேரத்தில். இரண்டாவது மணி நேரத்தில் வந்தது வேறு பயம். அவள் சௌக்கியமாக எங்கோ சுற்றிக்கொண்டிருப்பாள், நான் இல்லாதது அவளுக்கு ஒரு விஷயமாகவே இருக்காது என்பது.

ஆறரை மணிக்கு வந்தாள். கையில் ஒரு சின்ன மண்சட்டியில் உருண்டையாக வெட்டிய துளசி மாதிரி ஒரு செடி, நடுவில் காகிதப் பூ. அன்று ஜூன் 12. மறுநாள் அந்தோணியார் திருநாள். பதுவை அந்தோணியார் என்று நாம் சொல்பவர் உண்மையில் லிஸ்பன்காரர். கல்யாணத்துக்குக் கைராசியான புனிதர் என்று நகரசபை வருஷாவருஷம் இந்த நாளில் வசதியில்லாத ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறது. 1958-ல் தொடங்கி, 1974-ல் நின்று, 1997-ல் திரும்ப வந்த வழக்கம். டிராமைப் பிடித்து ஏறிப்போன இவள் பேராலயத்தின் வாசலில் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பெண்கள்.

"நம்ம புளியம்பட்டி அந்தோணியாருதான்" என்றாள். "காணாமப்போனதக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறவரு."

பெஸோவா பிறந்ததும் ஜூன் 13-தான். அதனால்தான் அவருக்கு பெர்னாண்டோ அந்தோனியோ என்று பெயர். அந்தோணியாரின் இயற்பெயர் பெர்னாண்டோ. இது நாக்கின் நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பதிலாக, ஒஃபீலியா 1938-ல் கல்யாணம் செய்துகொண்டாள் என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, செடியை ஜன்னலில் வைத்தாள். அதை நேராக மூக்கருகே கொண்டுபோய் முகரக்கூடாதாம், கையால் தடவிக் கையை முகரவேண்டுமாம். விற்ற கிழவி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். செய்துகாட்டி, கையை என்னிடம் நீட்டினாள்.

இரவு அல்ஃபாமா சந்துகளில் வீட்டுக்கு வீடு வாசலில் கரிபோட்டுச் சாளை சுட்டார்கள். அவ்வளவு புகை, அவ்வளவு சத்தம். சுட்ட மீனை ஒரு துண்டு ரொட்டிமேல் வைத்துத் தருகிறார்கள். அவள் ஐந்து தின்றாள், உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

பெலேம் போனோம். வாஸ்கோ ட காமாவின் கல்லறை கோயிலிலும் பெஸோவாவினுடையது பக்கத்து மடத்தின் முற்றச் சுற்றிலும் இருக்கின்றன. 1554-ல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் வேத போதகப் புத்தகத்தின் பிரதி அந்த மடத்தை ஒட்டிய தொல்பொருள் காட்சிசாலைக்குச் சொந்தம் என்று படித்திருந்தேன். முத்துக்குளித்துறைக்காரர்களுக்காக அச்சிட்டது, எங்கள் ஊர்க்கரைக்கு என்றே சொல்லலாம். காட்சிசாலையைப் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தார்கள். வரிசையில் நின்று கஸ்டர்ட் பணியாரம் வாங்கித் தின்றுவிட்டு வந்தோம்.

செடியை விமானத்தில் கொண்டுவர முடியாதென்று அறை சுத்தம் செய்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

பெஸோவா பற்றிய என் கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்க வேண்டுமென்று ஒரு நண்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்த உட்கார்ந்தேன். அதைத் திருத்தினால் முன்னும் பின்னும் நிற்பவையும் ஆடுகின்றன. இன்னும் கொடுக்கவில்லை. வளையல்களையும் இன்னும் மீட்கவில்லை, இந்த மாதம் வட்டி மட்டும் கட்டியிருக்கிறேன்.