ஒன்றாக விரியும் பொத்தான்கள்

2011 நவம்பரில் ‘பாத்’ செயலியின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, திரையின் மூலையில் இருந்த சிவப்புக் கூட்டல் குறிதான் பலரையும் பேசவைத்தது. தொட்டால் போதும், சின்னச் சின்னப் பொத்தான்கள் வில்லாக வளைந்து வெளியே பாயும். அவ்வளவு அழகு!

அதே ஆண்டு அன்ட்ரொய்ட் 3.0 ‘அனிமேட்டர்செட்’ என்ற வசதியைத் தந்தது. பல பொத்தான்களின் அசைவை ஒன்றாகக் கோத்து, ஒரே நேரத்திலோ ஒன்றன்பின் ஒன்றாகவோ ஓடவிடலாம்.

ஆனால் செக்கனுக்கு 60 சட்டகம் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16 மில்லிசெக்கன் சொச்சம்தான். தெரணியகலைத் தோட்ட லயத்தில் ஒருவர் கையிலுள்ள பழைய போன் அதற்குள் வேலையை முடிக்காவிட்டால் பொத்தான்கள் திக்கித் திக்கி நகரும். செயலி செய்பவர்கள் அந்தப் போனிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். பொத்தானின் அகல உயரத்தை மாற்றினால் திரையமைப்பையே மறுபடி கணக்கிட வேண்டிவரும். இடத்தை மட்டும் நகர்த்தினால் அந்தச் சுமை இல்லை.