விருப்ப வினாத்தாள்

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் என் தந்தையார் பாத்திரக்கடை வைத்திருந்தார். நாகர்கோவிலிலிருந்து வந்து குடியேறியவர். 1963ஆம் ஆண்டு தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட ஊரில் வளரும் மகன், அறிவியலாளன் ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஆர்வ வினாத்தாள் ஒன்றைத் தந்தனர். அறிவியல் தொடர்பான வினாக்கள் அனைத்திற்கும் ‘மிகவும் பிடிக்கும்’ என்று குறித்தேன்.

தொழில்வழிகாட்டி அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, “இவை யாருடைய விடைகள்?” என்றார். நான் தலைகுனிந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ராங் 1927இல் இத்தகைய வினாத்தாளை வெளியிட்டதையும், ஒரு தொழிலில் இருப்போரின் விருப்பங்களோடு நம் விருப்பங்களை அது ஒப்பிட்டதையும் விளக்கினார். “இது திறமையை அளப்பதன்று. நீ பொய்யை எழுதினால் பொய்யையே திருப்பித் தரும்.”

மீண்டும் எழுதினேன். ‘பிறரிடம் பேசி இணங்கச் செய்வது பிடிக்குமா?’ என்னும் வினாவில் கை நின்றது. மாலைதோறும் கடையில் தமிழிலும் மலையாளத்திலும் விலைபேசும் இன்பம் நினைவுக்கு வந்தது. இம்முறை வணிகமே முதலிடம் பெற்றது.

தாளைத் தந்தையாரிடம் நீட்டியபோது என் கை நடுங்கியது. அவர் இருமுறை படித்தார், ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மாலை, கணக்கேட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.