29 நிமிடக் கணக்கு

ஏற்காட்டு மலையில் மெயில் வரவில்லை என்றால் பழி முதலில் பனிமூட்டத்தின் மேல் விழும். செம்மநத்தத்தில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்ட ஆபீஸிலும் அதே புகார்தான். "பனி எறங்குச்சுன்னா மெயில் அந்துபோயிருதுங்க சார். மத்ததெல்லாம் ஓடுது" என்றார் ரைட்டர். எனக்கு இடித்தது அந்தக் கடைசி வாக்கியம். சிக்னலே போயிருந்தால் யூடியூபும் அல்லவா நிற்க வேண்டும்?

முதல் சந்தேகம் இணைப்புகளின் எண்ணிக்கை மேல். அங்கே மெயில் பார்ப்பது தண்டர்பேர்டு என்ற மென்பொருளில். அது ஒரு கணக்குக்கு 5 இணைப்பு வரை திறந்துவைக்கும். டவ்காட் போன்ற மெயில் சர்வர்கள் ஒரே முகவரியிலிருந்து ஒரு பயனருக்கு வழக்கமாக 10-தான் அனுமதிக்கும். ஒரே கணக்கை மூன்று கணினியில் திறந்தால் வரம்பு தாண்டலாம். ஆனால் அப்படி மறுக்கிற சர்வர் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கும். இங்கே ஒரு பேச்சும் இல்லை.

தண்டர்பேர்டின் லாகைத் திறந்தேன். 10:12-க்கு 'ஐடில்' கட்டளை போயிருக்கிறது. புது மெயில் வந்தால் நீயே சொல், அதுவரை காத்திருக்கிறேன் என்பது அதன் பொருள். சர்வரும் சரி என்றிருக்கிறது. பிறகு ஒரு வரிகூட இல்லை. 10:31-க்கு ரைட்டர் ஒரு மெயிலைத் திறக்கிறார். கட்டளை போகிறது, பதில் இல்லை, இணைப்பு முறிகிறது.

தண்டர்பேர்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஐமேப் நெறிமுறை 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கியது. அதன் விதிப்படி, சும்மா இருக்கும் இணைப்பைச் சர்வர் குறைந்தது 30 நிமிடம் பொறுக்க வேண்டும். அதனால்தான் 1997-இல் பாரி லைபா எழுதிய ஐடில் விதி, 29 நிமிடத்துக்குள் கட்டளையைப் புதுப்பிக்கச் சொல்கிறது. இங்கேயோ 19 நிமிடத்திலேயே கதை முடிந்திருந்தது. இரு முனையும் விதியை மீறவில்லை என்றால், நடுவில் யார்?

மோடத்தின் வெளிமுகவரியைப் பார்த்தேன். 100.64 என்று தொடங்கியது. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பழைய வகை இணைய முகவரிகள் 2011 ஏப்ரலில் ஏறக்குறையத் தீர்ந்தபின், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க 2012-இல் ஒதுக்கிய தொகுதி அது. அப்படி வைக்க இணைய நிறுவனம் நடுவில் ஒரு கருவியை நிறுத்தும். அது வாட்ச்மேன் மாதிரி. எந்த இணைப்பு யாருடையது என்று நோட்டில் குறித்துவைக்கும். நெடுநேரம் சத்தமில்லாத பெயரை அடித்துவிடும், இரு பக்கத்துக்கும் சொல்லாமலே. 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அடிக்கக் கூடாது என்று 2008-இன் பரிந்துரை ஒன்று உண்டு. எல்லாரும் அதை மதிப்பதில்லை. உலாவியோ வேண்டும்போதெல்லாம் புது இணைப்பு திறக்கும். அதனால் யூடியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பனிக்கும் பங்கு இருந்தது, வேறு வழியில். மூட்டம் போட்டு ஈரம் சொட்டும் நாளில் பறிப்பு மந்தம். ஆபீஸில் மெயிலைத் தொடுவதும் குறைவு, இணைப்பு மணிக்கணக்கில் பேசாமல் கிடக்கும்.

தண்டர்பேர்டு அமைப்பில், இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புது மெயில் பார் என்ற கட்டத்தில் டிக் இல்லை. டேட்டா மிச்சம் பிடிக்க யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். டிக் போட்டு 5 நிமிடம் என்று வைத்தேன். முறிவு நின்றது.

இப்போது யாராவது மெயில் அறுந்துபோகிறது என்றால், சிக்னல் எத்தனை கோடு என்று நான் கேட்பதில்லை. அறுவதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்றுதான் கேட்கிறேன்.